பசூன்–பியானோ படைப்புகள்

பசூன்–பியானோ படைப்புகள் என்பவை மேற்கத்திய செவ்வியல் இசையில் பசூன் முதன்மைக் கருவியாகவும், பியானோ பக்கவாத்தியமாகவோ சம பங்குள்ள இணைக்கருவியாகவோ அமையும் தனியிசைப் படைப்புகள் ஆகும். வயலின், செல்லோ ஆகியவற்றுக்கு உள்ள படைப்புகளோடு ஒப்பிடும்போது இத்தொகுதி மிகச் சிறியது. பெத்தோவன், சூபர்ட், சூமன், பிராம்ஸ் ஆகிய நால்வரில் ஒருவர்கூட பசூனுக்கும் பியானோவுக்கும் ஒரு சோனாட்டா எழுதவில்லை. பெத்தோவன் 1800இல் கொம்பு வாத்தியத்துக்கு ஒன்றும், பிராம்ஸ் 1894இல் கிளாரினெட்டுக்கு இரண்டும் எழுதியுள்ளனர் என்பதை நோக்க, பசூன் எந்த அளவு விடுபட்டுப் போனது என்பது விளங்கும்.

இன்று பசூன் கலைஞர்கள் மேடையில் வாசிக்கும் படைப்புகளில் பெரும்பகுதி, குறிப்பிட்ட ஒரு கலைஞருக்காகவோ இசைக் கல்லூரித் தேர்வுக்காகவோ எழுதப்பட்டதாகும். ஆகவே இத்தொகுதியின் வரலாறு, இசையமைப்பாளர்களின் வரலாறாக இருக்கும் அளவுக்கு ஆசிரியர்கள், மாணவர்கள், தேர்வுகள் ஆகியவற்றின் வரலாறாகவும் உள்ளது.

கருவியின் இயல்பு

பசூன் ஒரு மரத் துளைக்கருவி. நாதசுரத்தின் சீவாளியைப் போலவே இதிலும் நாணல் வகைத் தட்டையால் செய்த இரண்டு மெல்லிய இதழ்கள் ஒன்றோடொன்று அதிர்ந்து ஒலியை எழுப்புகின்றன. ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நீளமுள்ள கூம்புக் குழல், கையாள வசதியாக இரண்டாக மடிக்கப்பட்டிருப்பதால் கருவியின் உயரம் சுமார் 1.3 மீட்டர் மட்டுமே.

பசூனின் மிகத் தாழ்ந்த சுரத்தின் அதிர்வெண் ஏறத்தாழ 58 ஏர்ட்சு. தனியிசைப் படைப்புகளில் கேட்கப்படும் உச்சச் சுரம் ஏறத்தாழ 659 ஏர்ட்சு. அதாவது, மூன்று ஸ்தாயிகளுக்கும் மேற்பட்ட வீச்சு இதற்கு உண்டு. கீழ்ப்பகுதியில் கனத்த ஒலியும், நடுப்பகுதியில் ஆண்குரலை ஒத்த மென்மையும், மேற்பகுதியில் இறுக்கமும் ஏக்கமும் கலந்த ஒலியும் தோன்றும். மூன்று வேறு கருவிகள் போல ஒலிக்கும் இந்த வேறுபாடே தனியிசைக்கு இதன் பெரிய வலிமை.

பொதுமக்களிடையே பசூனுக்கு நகைச்சுவைக் கருவி என்ற பெயர் நிலைத்துவிட்டது. பால் டூக்கா 1897இல் எழுதிய 'மந்திரவாதியின் சீடன்' என்ற படைப்பில் தானே நடமாடும் துடைப்பத்தைக் காட்டுவதும், செர்கேய் புரோக்கோபியெவ் 1936இல் எழுதிய 'பீட்டரும் ஓநாயும்' படைப்பில் முணுமுணுக்கும் தாத்தாவைக் காட்டுவதும் பசூனே. ஆனால் 1913இல் அரங்கேறிய இகோர் ஸ்திராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு', பசூனின் மேல் ஸ்தாயித் தனிக்குரலோடு தொடங்குகிறது. அதில் நகைச்சுவைக்கு இடமே இல்லை. பியானோவுடன் வாசிக்கும் படைப்புகளிலும் பசூனின் இந்தப் பாடும் இயல்பே பெரிதும் முன்னிறுத்தப்படுகிறது.

மூன்று வகைகள்

ஒரு நிகழ்ச்சி நிரலில் 'பசூனும் பியானோவும்' என்று அச்சிடப்பட்டிருந்தாலும், அப்படைப்பு பின்வரும் மூன்று வகைகளில் ஒன்றாக இருக்கலாம்.

1. மூலப் படைப்புகள்: தொடக்கத்திலேயே இவ்விரு கருவிகளுக்கென எழுதப்பட்டவை. சான்-சான்ஸ், ஹிண்டமித் ஆகியோரின் சோனாட்டாக்கள் இவ்வகையின.
2. சுருக்க வடிவங்கள்: பசூனுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் எழுதப்பட்டு, ஆர்க்கெஸ்ட்ராவின் பங்கு பியானோவுக்கு மாற்றப்பட்டவை. மொத்சார்ட், வேபர் ஆகியோரின் கான்செர்ட்டோக்களை மாணவர்கள் பெரும்பாலும் இவ்வடிவிலேயே வாசிக்கின்றனர்.
3. தழுவல்கள்: வேறொரு கருவிக்கோ குரலுக்கோ எழுதப்பட்டுப் பசூனுக்கு மாற்றப்பட்டவை. சூமன் 1849இல் கிளாரினெட்டுக்கும் பியானோவுக்கும் எழுதிய கற்பனைப் பாடல்கள் (படைப்பு எண் 73) பசூனிலும் வாசிக்கப்படுகின்றன.

இவ்வகைப்பாடு வெறும் ஏட்டளவிலானதன்று. மூலப் படைப்பில் பியானோவின் ஒவ்வொரு சுரமும் அக்கருவியின் இயல்பை அறிந்து எழுதப்பட்டிருக்கும். சுருக்க வடிவத்தில் வயலின்களின் நடுக்கொலிகளும் கொம்புகளின் நீண்ட ஒலிகளும் பத்து விரல்களுக்குள் அடக்கப்பட்டிருக்கும். பியானோவில் ஒரு சுரம் தட்டிய உடனே தேயத் தொடங்கிவிடுவதால் அந்த நீண்ட ஒலிகளை அப்படியே தர இயலாது. அவ்வேளைகளில் பியானோ கலைஞர் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று தாமே தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

வரலாறு

பியானோவுக்கு முன்

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பசூனுக்குத் துணையாக அமைந்தது பியானோ அன்று. 'பாஸோ கன்டினுவோ' எனப்படும் தொடர் அடிக்குரலே. இசையமைப்பாளர் அடிக்குரலை மட்டும் எழுதி, அதன் மேல் எந்த ஒத்திசைவு வரவேண்டும் என்பதை எண்களால் குறிப்பார். ஹார்ப்சிகார்ட் வாசிப்பவர் அந்த எண்களைப் பார்த்து வலக்கைப் பகுதியைத் தாமே நிரப்புவார்.

கியார்க் பிலிப் டெலிமான் ஹாம்பர்க்கில் 1728இல் வெளியிடத் தொடங்கிய இசை இதழில் இடம்பெற்ற எஃப் மைனர் சோனாட்டா இவ்வகையில் புகழ்பெற்றது. துயரம் தோய்ந்த மெதுவான பகுதியோடு அது தொடங்குகிறது. இலண்டனில் வாழ்ந்த ஜான் எர்னஸ்ட் காலியர்டு 1733இல் பசூனுக்கோ செல்லோவுக்கோ ஆறு சோனாட்டாக்களை வெளியிட்டார். இவை இன்று பியானோவுடன் வாசிக்கப்படும்போது, பியானோவின் வலக்கைப் பகுதி பிற்காலப் பதிப்பாசிரியர் எழுதியதாக இருக்கும். எனவே ஒரே சோனாட்டா இரு பதிப்புகளில் வெவ்வேறாக ஒலிப்பதில் வியப்பில்லை.

அந்தோனியோ விவால்டி பசூனுக்கு 39 கான்செர்ட்டோக்களை எழுதினார். அவற்றுள் இரண்டு முழுமை பெறவில்லை. வயலினுக்கு அடுத்தபடியாக அவர் மிகுதியான கான்செர்ட்டோக்களை எழுதியது பசூனுக்கே.

மொத்சார்ட்டும் வேபரும்

மொத்சார்ட் தமது 18ஆம் வயதில், 1774 சூன் 4 அன்று, சால்ஸ்பர்க் நகரில் பசூன் கான்செர்ட்டோ ஒன்றை எழுதி முடித்தார் (கியோகெல் எண் 191). துளைக்கருவிகளுக்கு அவர் எழுதிய கான்செர்ட்டோக்களில் இன்று கிடைப்பனவற்றுள் இதுவே முதலாவது. தனி ஆலாபனை போல் அமையும் கடென்சா பகுதிகளுக்கு மொத்சார்ட் எழுதியவை கிடைக்காததால், கலைஞர்கள் தாமே எழுதியோ பிறர் எழுதியவற்றைக் கொண்டோ அவ்விடங்களை நிரப்புகின்றனர்.

கார்ல் மரியா ஃபான் வேபர் 1811இல் மியூனிக் அரசவைக் கலைஞரான கியார்க் ஃபிரீட்ரிக் பிராண்ட் என்பவருக்காக எஃப் மேஜர் கான்செர்ட்டோவை எழுதி, 1822இல் திருத்தியமைத்தார். அதே கலைஞருக்காக 1813இல், வயோலாவுக்கு முன்பு எழுதியிருந்த 'அந்தாந்தேயும் அங்கேரிய ரோண்டோவும்' என்ற படைப்பைப் பசூனுக்கு மாற்றித் தந்தார். இன்று வயோலா வடிவத்தைவிடப் பசூன் வடிவமே மிகுதியாக அறியப்பட்டுள்ளது.

19ஆம் நூற்றாண்டில் பியானோ வீடுதோறும் பரவிய காலத்திலும், அதனோடு இணைந்து ஒலிக்கும் பசூன் சோனாட்டாக்கள் பெருகவில்லை. வீட்டில் பொழுதுபோக்காகப் பசூன் வாசிப்போர் மிகச் சிலரே இருந்ததால், அச்சகத்தாருக்கு இத்தகைய நூல்களில் ஆதாயம் குறைவு. இந்த இடைவெளியை நிரப்பியது ஒரு கல்வி நிறுவனம்.

பாரிஸ் கன்சர்வேட்டரியின் தேர்வுப் படைப்புகள்

1795இல் நிறுவப்பட்ட பாரிஸ் கன்சர்வேட்டரியில், ஒவ்வொரு கருவியின் மாணவரும் கல்வியாண்டின் இறுதியில் நடுவர் குழுவின் முன் போட்டித் தேர்வில் வாசிக்க வேண்டும். 'முதல் பரிசு' பெறுவதே படிப்பை முடித்தமைக்கான சான்றாகக் கருதப்பட்டது. எல்லா மாணவரும் ஒரே படைப்பை வாசிக்க வேண்டும் என்பதால், பியானோ பக்கவாத்தியத்துடன் கூடிய புதிய படைப்புகள் இத்தேர்வுக்கெனக் கேட்டுப் பெறப்பட்டன.

தேர்வின் தேவைகளே இப்படைப்புகளின் அமைப்பை வகுத்தன. மூச்சுக் கட்டுப்பாட்டையும் ஒலியின் தரத்தையும் அறிய மெதுவான முதற்பகுதி. விரல் வேகத்தையும் நாவின் துல்லியத்தையும் அறிய விரைவான இரண்டாம் பகுதி. இடையில் தனித்து வாசிக்க ஒரு கடென்சா. மாணவர் பலரை ஒரே நாளில் கேட்க வேண்டியிருந்ததால் நீளம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் அடங்கியது.

கப்ரியேல் பியெர்னே 1898இல் எழுதிய 'சோலோ த கோன்செர்' (படைப்பு எண் 35) இவ்வகையில் இன்றும் வாசிக்கப்படும் ஒன்று. 1942இல் ஆன்றி டியூட்டியூ எழுதிய 'சரபந்தும் ஊர்வலமும்' இவ்வரிசையின் உச்சங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. அப்போது கன்சர்வேட்டரியின் இயக்குநராக இருந்த குளோட் தெல்வான்கூர், மாணவர்கள் புதிய இசையோடு பழக வேண்டும் என்ற நோக்கில் டியூட்டியூவிடம் பசூன், புல்லாங்குழல், ஓபோ, டிராம்போன் ஆகியவற்றுக்குத் தேர்வுப் படைப்புகளைப் பெற்றார். டியூட்டியூ பிற்காலத்தில் இவற்றைப் பெரிதாக மதிக்கவில்லை; 1948இல் முடித்த பியானோ சோனாட்டாவையே தமது முதற்படைப்பாக எண்ணினார். எனினும் பசூன் மாணவர்கள் அப்படைப்பைக் கைவிடவில்லை.

தேர்வுக்கு எழுதிய இசை தேர்வோடு மறைந்துபோவதே இயல்பு. இத்தகைய தனிப்படைப்புகள் பல இன்று வாசிக்கப்படுவதில்லை. நிலைத்தவை சிலவே. ஆயினும் ஒரு கருவிக்கு ஆண்டுதோறும் எழுதுமாறு இசையமைப்பாளர்களைத் தூண்டிய ஏற்பாடு வேறெங்கும் இத்தனை காலம் தொடரவில்லை எனலாம்.

சான்-சான்ஸின் சோனாட்டா

இத்தொகுதியில் மிகப் பரவலாக வாசிக்கப்படும் மூலப் படைப்பு காமிய் சான்-சான்ஸ் 1921இல் எழுதிய ஜி மேஜர் சோனாட்டா (படைப்பு எண் 168) ஆகும். அப்போது அவருக்கு வயது 85. அவ்வாண்டில் அவர் ஓபோ (எண் 166), கிளாரினெட் (எண் 167), பசூன் ஆகிய மூன்றுக்கும் அடுத்தடுத்து சோனாட்டாக்களை எழுதினார். பிறர் அதிகம் கவனிக்காத கருவிகளுக்குப் படைப்புகளைச் சேர்ப்பதில் தமது எஞ்சிய ஆற்றலைச் செலவிடுவதாக அவர் ஒரு கடிதத்தில் தெரிவித்திருந்தார். புல்லாங்குழல், ஆங்கிலக் கொம்பு ஆகியவற்றுக்கும் எழுத எண்ணியிருந்தார். ஆனால் 1921 திசம்பர் 16 அன்று அல்ஜியர்சில் காலமானதால் அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. பசூன் சோனாட்டா, பாரிஸ் ஓப்பராவின் பசூன் கலைஞர் லியோன் லெத்தெல்லியேக்குக் காணிக்கையாக்கப்பட்டது.

சோனாட்டா மூன்று பகுதிகளைக் கொண்டது.

- முதற்பகுதி மிதமான நடையில் அமைந்தது. பியானோவின் அலையலையான சுரக்கோவைகளின் மேல் பசூன் நீண்ட பண்ணொன்றைப் பாடுகிறது.
- இரண்டாம் பகுதி விளையாட்டுத்தன்மை கொண்ட விரைவான பகுதி. குறுகத் தெறிக்கும் சுரங்களும், பசூனின் உச்சமான 659 ஏர்ட்சுச் சுரமும் இதில் வருகின்றன.
- மூன்றாம் பகுதி மிக மெதுவாகத் தொடங்கி நீண்டு சென்று, குறுகிய விரைவான முடிப்போடு நிறைவுறுகிறது. சில ஒலிப்பதிவுகளில் இம்முடிப்பு நான்காம் பகுதியாகத் தனியே எண்ணப்படுவதும் உண்டு.

பியானோவின் பங்கு பெரும்பாலும் மெலிதாக, சுரங்கள் நெருங்காமல் எழுதப்பட்டுள்ளது. கேட்பதற்கு எளிமையாகத் தோன்றினும், ஒவ்வொரு சுரமும் வெளிப்படையாகக் கேட்பதால் வாசிப்பவர் எதையும் மறைக்க இயலாது.

பிற நாடுகளில்

பிரித்தானியாவில் வில்லியம் ஹர்ல்ஸ்டன் 1904இல் நான்கு பகுதிகள் கொண்ட எஃப் மேஜர் சோனாட்டாவை எழுதினார். இரண்டு ஆண்டுகளில், தமது 30ஆம் வயதில் அவர் மறைந்தார். எட்வர்ட் எல்கார் 1910இல் 'ரொமான்ஸ்' (படைப்பு எண் 62) என்ற படைப்பை இலண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் முதன்மைப் பசூன் கலைஞர் எட்வின் ஜேம்ஸுக்காக ஆர்க்கெஸ்ட்ராவுடன் எழுதினார். 1911இல் அது அரங்கேறியது. இளமையில் நண்பர்களோடு சேர்ந்த துளைக்கருவிக் குழுவில் எல்காரே பசூன் வாசித்தவர். இது இன்று பியானோவுடனும் பரவலாக வாசிக்கப்படுகிறது.

உருசியாவில் ரெயின்கோல்ட் கிலியேர் 1908இல் பல கருவிகளுக்காக எழுதிய பதினொரு சிறு படைப்புகளில் (படைப்பு எண் 35) இரண்டு பசூனுக்கும் பியானோவுக்கும் உரியவை.

செருமானியரான பால் ஹிண்டமித், ஆர்க்கெஸ்ட்ராவில் உள்ள ஏறத்தாழ எல்லாக் கருவிகளுக்கும் பியானோவுடன் ஒவ்வொரு சோனாட்டா எழுதும் திட்டத்தைக் கொண்டிருந்தார். அதன்படி பசூன் சோனாட்டா 1938இல் எழுதப்பட்டது. நாட்சி ஆட்சியின் எதிர்ப்புக்கு உள்ளாகியிருந்த அவர் அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தில் குடியேறினார். பத்து நிமிடத்துக்கும் குறைவான அச்சோனாட்டா, நடுவே ஓர் அணிவகுப்பு இசையைக் கொண்டிருந்தும் அமைதியான முல்லைநில இசை போன்ற பகுதியோடு அடங்குகிறது.

கிரேக்கரான நிக்கோஸ் ஸ்கால்கோட்டாஸ் 1943இல், ஏதென்ஸ் செருமானியப் படையின் ஆக்கிரமிப்பில் இருந்த காலத்தில், நீளமும் கடினமும் மிக்க ஒரு சோனாட்டாவை எழுதினார். அவரது படைப்புகளில் பெரும்பாலானவை அவர் 1949இல் மறையும் வரை மேடையேறவில்லை.

அமெரிக்காவில் ஆல்வின் எட்லர் 1952இலும், ஆந்திரே பிரெவின் 1999இலும் பசூன் சோனாட்டாக்களை எழுதினர்.

இரு வகைப் பசூன்கள்

1831இல் கார்ல் ஆல்மென்ரெடரும் யோகான் ஆடம் ஹெக்கலும் செருமனியின் பீபிரிக் என்னும் ஊரில் தொடங்கிய பட்டறையில் உருவான செருமானிய முறைப் பசூனே இன்று உலகின் பெரும்பகுதியில் வழங்குகிறது. பிரான்சில் வேறொரு விசை அமைப்பும் குறுகிய உட்துளையும் கொண்ட பிரெஞ்சு முறைப் பசூன் நெடுங்காலம் நிலைத்திருந்தது. அதன் மேல் ஸ்தாயி ஒப்பளவில் எளிதாக ஒலிக்கும். பிரெஞ்சுப் படைப்புகள் உச்சச் சுரங்களை அஞ்சாமல் கேட்பதற்கு இது ஒரு காரணம். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் ஆர்க்கெஸ்ட்ராக்கள் பலவும் செருமானிய முறைக்கு மாறின. எனவே இன்றைய மாணவர் பெரும்பாலும், அப்படைப்பு எந்தக் கருவியை மனத்திற்கொண்டு எழுதப்பட்டதோ அதனின் வேறான கருவியிலேயே அதை வாசிக்கிறார்.

பியானோவோடு சமநிலை

பசூனின் நடு ஸ்தாயி, பியானோவின் நடுப்பகுதியும் இடக்கைப் பகுதியும் ஒலிக்கும் அதே அதிர்வெண் எல்லைக்குள் விழுகிறது. அவ்விடத்தில் பியானோ அடர்த்தியாக ஒலித்தால் பசூன் கேட்காமல் போகும். புல்லாங்குழல் மேலே உயர்ந்து தப்பிக்கும்; டிரம்பெட் வலிமையால் தப்பிக்கும்; பசூனுக்கு இவ்விரு வழிகளும் இல்லை. எனவே தேர்ந்த இசையமைப்பாளர்கள் பின்வரும் உத்திகளைக் கையாள்கின்றனர்.

- பசூன் நடுவில் பாடும்போது பியானோவை அதற்கு மேலோ வெகு கீழோ நிறுத்துதல்
- சுரங்களை ஒன்றாகத் தட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்துத் தருதல்
- பசூன் ஓயும் இடங்களில் மட்டும் பியானோவை முழு வலிமையுடன் ஒலிக்க விடுதல்

பியானோவின் சுருதி மேடையில் மாற்ற இயலாதது. ஆனால் பசூனின் சுருதி இதழ்களின் தன்மை, அறையின் வெப்பநிலை, உதட்டின் அழுத்தம் ஆகியவற்றுக்கேற்ப ஏறியிறங்கும். ஆகவே சுருதி சேரும் பொறுப்பு முழுவதும் பசூன் கலைஞரையே சாரும்.

கற்போர்க்கு

ஆர்க்கெஸ்ட்ராக்களில் பசூன் இடத்துக்கு ஆள் தெரிவு செய்யும்போது மொத்சார்ட்டின் கான்செர்ட்டோவை வாசிக்கக் கேட்பது உலகெங்கும் வழக்கமாக உள்ளது. கற்கும் நிலையில் காலியர்டு, டெலிமான் ஆகியோரின் சோனாட்டாக்களில் தொடங்கி, எல்கார், சான்-சான்ஸ் வழியாக டியூட்டியூ, ஸ்கால்கோட்டாஸ் ஆகியோரை நோக்கிச் செல்வது ஏற்ற ஒரு வரிசையாகும். பசூன் பங்கை மட்டும் படித்து மேடையேறுவது போதாது. பியானோவின் பங்கையும் கண்முன் வைத்துக் கற்றாலன்றி, எங்கே முன்னிற்பது, எங்கே ஒதுங்கி நிற்பது என்பது புலப்படாது. கச்சேரியில் மிருதங்கத்துக்கு இடம்விடும் பாடகரின் நிலை இங்கும் பொருந்தும்.

குறிப்பிடத்தக்க படைப்புகள்

- டெலிமான்: எஃப் மைனர் சோனாட்டா (1728), கன்டினுவோவுடன்
- காலியர்டு: ஆறு சோனாட்டாக்கள் (1733), கன்டினுவோவுடன்
- மொத்சார்ட்: கான்செர்ட்டோ, கியோகெல் எண் 191 (1774), சுருக்க வடிவம்
- வேபர்: கான்செர்ட்டோ, எண் 75 (1811), சுருக்க வடிவம்
- வேபர்: அந்தாந்தேயும் அங்கேரிய ரோண்டோவும், எண் 35 (1813), சுருக்க வடிவம்
- பியெர்னே: சோலோ த கோன்செர், எண் 35 (1898)
- ஹர்ல்ஸ்டன்: எஃப் மேஜர் சோனாட்டா (1904)
- கிலியேர்: இரு சிறு படைப்புகள், எண் 35 (1908)
- எல்கார்: ரொமான்ஸ், எண் 62 (1910), சுருக்க வடிவம்
- சான்-சான்ஸ்: ஜி மேஜர் சோனாட்டா, எண் 168 (1921)
- ஹிண்டமித்: சோனாட்டா (1938)
- டியூட்டியூ: சரபந்தும் ஊர்வலமும் (1942)
- ஸ்கால்கோட்டாஸ்: சோனாட்டா (1943)
- எட்லர்: சோனாட்டா (1952)
- பிரெவின்: சோனாட்டா (1999)

இவற்றையும் பார்க்க

- பசூன்
- பியானோ
- சோனாட்டா
- காமிய் சான்-சான்ஸ்
- பாரிஸ் கன்சர்வேட்டரி
- நாதசுரம்